பழைய சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

புதிதாக இருந்தபோது 400,000 ரிங்கிட்டைத் தாண்டிய ஜெர்மன் எஸ்யூவி, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு புதிய உள்நாட்டு எஸ்யூவியின் விலைக்கே கிடைக்கலாம். ஆனால் வாகனத்தின் விலை இறங்கியதுபோல் அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. அதனால், எவ்வளவு மலிவு என்பதைவிட, அந்த வாகனத்துக்கு இதுவரை என்ன நேர்ந்தது, அடுத்து எது பழுதாகும் என்பதே முக்கியம்.

வாகனத்தின் அடையாளம்

முதலில் சேஸி எண்ணையும் இயந்திர எண்ணையும் பதிவு ஆவணத்துடன் ஒப்பிட வேண்டும். கடத்தி வரப்பட்ட சொகுசு வாகனத்துக்கு வேறொரு வாகனத்தின் எண்ணைப் பொருத்தி விற்கும் ‘குளோன்’ மோசடி மலேசியாவில் புதிதல்ல. எண் பொறித்த இடத்தில் சுரண்டிய தடமோ புதிய சாயமோ இருந்தால் விலகிவிடுவது நல்லது.

உரிமை மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனையும், வங்கிக் கடனுக்கான பி7 சோதனையும் அடையாளத்தை உறுதிப்படுத்த உதவும். ஆனால் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அவை சொல்லமாட்டா. வாகனத்தின் மீது வங்கிக் கடன் பாக்கி உள்ளதா என்பதையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் சரிபார்க்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த ‘ரிக்கோண்ட்’ வாகனமென்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் தரப் புள்ளி ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றிருந்தால், விபத்துக்குப்பின் பழுதுபார்க்கப்பட்டது என்று பொருள். தயாரிப்பு ஆண்டும் மலேசியப் பதிவு ஆண்டும் வேறுபடலாம். விலை பேசும்போது தயாரிப்பு ஆண்டையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பினாங்குக்கு அருகிலுள்ள லங்காவியில் தீர்வையின்றி வாங்கிய வாகனங்களும் உண்டு. தீர்வை கட்டப்பட்டதற்கான ஆவணம் இல்லையென்றால் சுங்கத்துறை பறிமுதல் செய்யக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கியதா?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையையும் வெள்ளத்தையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் மூழ்கியது. ஒரு மாநிலத்தில் நனைந்த வாகனம், கழுவித் துடைத்து வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வரலாம்.

இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது எச்சரிக்கை. தரை விரிப்பின் அடியிலும், உதிரிச் சக்கரம் வைக்கும் குழியிலும், இருக்கைத் தண்டவாளத்திலும் துருவைத் தேடுங்கள். பழைய வாகனத்தில் விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். இத்தகைய வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏராளம். நீர் புகுந்தவை சில மாதங்கள் கழித்துத்தான் பழுதாகத் தொடங்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே அது சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால், சில கோளாறுகள் மறைந்துவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல் இருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம்.

காற்றழுத்த சஸ்பென்ஷன் உள்ள வாகனத்தை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வாகனத்தில் நான்கு டயர்களும் ஒரே வகையாகவும், ஏறக்குறைய ஒரே அளவு தேய்மானத்துடனும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயக்கத்தைப் பகிரும் பெட்டி சேதமடையும். டயரில் ‘2321’ என்று இருந்தால், 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் செல்லும் மலைச்சாலையில் ஓட்டினால், ஏற்றத்தில் கியர் தடுமாறுகிறதா, இறக்கத்தில் பிரேக் அதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாகச் சுற்றி, தட்டும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள்.

கண்ணாடிக் கூரை உள்ள வாகனத்தில் மேல்விரிப்பில் நீர்க்கறை உள்ளதா என்று பாருங்கள். வடிகால் குழாய் அடைபட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். கடற்கரையோரம் நிறுத்தப்பட்டு வந்த வாகனமென்றால் அடிப்பகுதித் துருவையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் கணினிச் சோதனை செய்யுங்கள். பழுதுக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதற்கான தடயமும் அதில் கிடைக்கலாம். சேஸி எண்ணைக் கொடுத்து, ‘தக்காத்தா’ காற்றுப்பை போன்ற திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளரிடம் கேட்கலாம்.

மாதத் தவணை மட்டுமே செலவல்ல

மேற்கு மலேசியாவில் தனியார் பயன்பாட்டு 2.0 லிட்டர் எஸ்யூவிக்கு ஆண்டுச் சாலை வரி சுமார் 440 ரிங்கிட். 3.0 லிட்டராக இருந்தால் சுமார் 1,640 ரிங்கிட். காப்புறுதி, டயர், பழுது ஆகியவை தனி. கையிலுள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால், முதல் பெரிய பழுதிலேயே வாகனம் வீட்டு வாசலில் நின்றுவிடும்.

ஏமாற்றப்பட்டால்

வணிகரிடம் வாங்கியவர் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்த வழி இல்லை. எனவே விற்பவர் ‘விபத்து இல்லை, வெள்ளம் இல்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தரத் தயங்கினால், அந்த வாகனத்தை விட்டுவிடுவதே நல்லது.