ஹார்ட்விக் ஹாலும் சந்திரகிரி ராஜ மஹாலும்

போன பேங்க் ஹாலிடேக்கு (எங்கள் தொழில் பெயரைச் சொல்லி ஊருக்கே லீவு!) குடும்பத்தோடு டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் போயிருந்தோம். 1590களில் பெஸ் என்ற சீமாட்டி கட்டிய மாளிகை. மூன்று தளம், ஆறு கோபுரம், எங்கு பார்த்தாலும் கண்ணாடி ஜன்னல். மேலே போகப் போகத் தளத்தின் உயரமும் கூடுகிறது.

"நம்ம ஊர்ல இது மாதிரி வீடு இருக்காப்பா?" என்றாள் மகள்.

இருக்கிறதே! ரேணிகுண்டாவில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில், திருப்பதியைத் தாண்டி, சந்திரகிரி ராஜ மஹால்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கு இடம் மாறியது. பின்னர் வேங்கடபதி ராயர் (1586–1614) சந்திரகிரிக்கு வந்தார். அங்கே இருக்கும் ராஜ மஹாலும் மூன்று தளம்தான். வளைவுகள் சுல்தான்கள் பாணி, உச்சியில் இருப்பவை கோயில் விமானம் போன்ற கோபுரங்கள். நடுவில் இரண்டு தள உயரத்துக்கு தர்பார் மண்டபம். முக்கியமான விஷயம், கட்டுமானத்தில் மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டும்தான். உத்தரம் இல்லாமல் வளைவுகளே தளத்தைத் தாங்குகின்றன.

சென்னைவாசிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் பிரான்சிஸ் டேக்குக் கொடுத்த மதராஸ் மானியத்தை, 1645-இல் உறுதி செய்தவர் சந்திரகிரி அரசரான மூன்றாம் ஸ்ரீரங்க ராயர். ஒரு விதத்தில் சென்னையின் பட்டா எங்கள் பக்கத்தில் போட்டது :-)

அதற்குப் பிறகு கோல்கொண்டா, ஆற்காடு நவாப், 1782-இல் ஹைதர் அலி, அப்புறம் ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறியது. சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் 1883-இல் இந்த மஹாலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

ஹார்ட்விக் கதையும் அதேதான். 1950-இல் டியூக் இறந்ததும் மரண வரி கழுத்தை நெரித்தது. வரிக்குப் பதிலாக வீட்டையே அரசிடம் ஒப்படைத்தார்கள். 1959-இல் அது நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. இரண்டு வீட்டிலும் சொந்தக்காரன் போனான். ஆனால் யாரோ ஒருவருக்கு அது பயன்பட்டது, அதனால் கூரை நின்றது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ரயில்வேயில் இருந்த எங்கள் தாத்தா கட்டிய ரேணிகுண்டா வீடு மெட்ராஸ் டெரஸ். முன் அறையின் தேக்குக் கட்டைகளைக் கரையான் அரித்துவிட்டது. "மொத்தமா இடிச்சிட்டு புதுசா கட்டிடலாம்ணா" என்கிறான் தம்பி. அங்கே ஒழுகுகிற வீட்டில் பக்கெட் வைக்கிறவன் அவன்தான். இங்கே உட்கார்ந்து "தாத்தா ஞாபகம்" பேசுவது எனக்குச் சுலபம்.

பி.காம். முதல் வருடத்தில் படித்தது ஞாபகம் வந்தது: இருப்பதை ஓட வைப்பது வருவாய்ச் செலவு, புதிதாகச் சேர்ப்பது மூலதனச் செலவு. பழைய வீட்டுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றையும் தொடாமல் வைத்தால் வீடு தானே விழும். எல்லாவற்றையும் மாற்றினால் அது அந்த வீடே இல்லை.

நேற்று ராத்திரி போன் செய்தேன். முன் அறையின் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம்; சுவரும், நைனா உட்கார்ந்து பேப்பர் படித்த தாழ்வாரமும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "செலவு?" என்றான்.

"பாதிக்கு மேல என்னுது."

"சரி, மேஸ்திரிய கூட்டிட்டு வந்து காட்டறேன்" என்றிருக்கிறான். அவர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். மகளுக்கு முதலில் சந்திரகிரி, அப்புறம் எங்கள் கூரை. நீங்களும் திருப்பதி போனால், தரிசனம் முடிந்ததும் அரை நாள் ஒதுக்கிப் பாருங்கள்.