மரம் இங்கே, தலைமையகம் எங்கே?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடவேளையில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, எங்க தோட்டத்துப் பலகையில தலைமையகம் பெட்டாலிங் ஜெயான்னு போட்டிருக்கு. தாத்தா காலத்துல அது லண்டன்ல இருந்துச்சாம். தோட்டம் இங்கயேதானே இருக்கு, ஆபீஸ் மட்டும் ஏன் ஊர் மாறுது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அன்று அவனுக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை. வீடு திரும்பியதும் பழைய நூல்களைப் புரட்டினேன். அவன் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. அரசுகள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டிய ஒரு கேள்வி அது. அதன் விடையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் ஊரும் தூரத்து முதலாளிகளும்

பத்தாங் பெர்ஜுந்தை என நாம் அழைத்துப் பழகி, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. மலாயாவில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்டது இங்கேதான், ஆண்டு 1917. நட்டவர் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி போகொன்னியே. அவருக்குப் பின்னின்ற மூலதனம் பெல்ஜியத்தைச் சேர்ந்த அத்ரியன் ஹாலேயுடையது.

மலாயாவின் ரப்பர் நிறுவனங்களுள் பெரும்பாலானவை லண்டனில் பதிவு பெற்றவை. குத்ரி, ஹரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்ட் போன்ற முகவர் நிறுவனங்கள் அவற்றின் தோட்டங்களை நிருவகித்தன. காட்டை அழித்ததும், கன்று நட்டதும், விடியற்காலையில் பால் வெட்டியதும் நம் முன்னோர். கணக்கு முடிக்கப்பட்டதோ ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால்.

ஒரு நிறுவனம் எங்கே வாழ்கிறது?

மனிதன் எங்கே வாழ்கிறான் என்று எளிதில் கூறிவிடலாம். நிறுவனம் எங்கே வாழ்கிறது? இக்கேள்விக்குப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1906-இல் ஒரு விடை கூறியது. வழக்கு டி பியர்ஸ் என்னும் வைரச் சுரங்க நிறுவனத்தைப் பற்றியது. அதன் சுரங்கங்கள் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் இருந்தன, பதிவும் அங்கேதான். ஆனால் முக்கிய முடிவுகளை எடுத்த இயக்குநர்கள் லண்டனில் கூடினர். எங்கே தலைமை நிருவாகமும் கட்டுப்பாடும் உள்ளனவோ அங்கேயே நிறுவனம் வாழ்கிறது, ஆகவே அது பிரிட்டனுக்கு வருமான வரி செலுத்தவேண்டும் என்பது தீர்ப்பு.

இதனை நம் தோட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். மரம் கோலசிலாங்கூரில் நிற்கிறது. இயக்குநர் வாரியம் லண்டனில் அமர்கிறது. சட்டத்தின் பார்வையில் நிறுவனம் லண்டன்வாசி!

முதல் உலகப் போரின்போது இதன் பொருள் தெளிவாகியது. 1915-இல் பிரிட்டன் மிகை இலாப வரியை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் 50 விழுக்காடு. 1917-இல் 80 விழுக்காடு. மலாய் மாநிலங்களுக்கோ பெரும்பாலும் ஏற்றுமதித் தீர்வையும் நிலவரியுமே கிடைத்தன. நிலையான வருமான வரி மலாயாவில் நடைமுறைக்கு வந்ததே 1948-ஆம் ஆண்டில்தான்.

பூட்டும் சலுகையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வரிச்சுமை ஏறியது. வெளிநாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனங்கள், இயக்குநர் வாரியத்தை வேறு நாட்டிற்கு மாற்றிக்கொண்டால் என்ன என்று எண்ணத் தொடங்கின. அவற்றைத் தடுத்து நிறுத்தப் பிரிட்டிஷ் அரசு இரு வழிகளைக் கையாண்டது.

முதல் வழி பூட்டு. கருவூலத்தின் இசைவின்றி ஒரு நிறுவனம் தன் வரி வதிவிடத்தை நாட்டிற்கு வெளியே மாற்றுவது குற்றம் என்று 1951-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கூறியது. மீறுவோருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கலாம்.

இரண்டாம் வழி சலுகை. 1957-இல், நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், 'கடல்கடந்த வணிகக் கழகம்' என்னும் புதிய வகை நிறுவனத்தைப் பிரிட்டன் உருவாக்கியது. நிருவாகம் பிரிட்டனில், தொழில் முழுவதும் வெளிநாட்டில் என்றிருந்தால், வெளிநாட்டு இலாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்வரை அங்கே வரியில்லை. தோட்ட நிறுவனங்கள் பலவும் இதனால் பயன்பெற்றன.

இச்சலுகை நீடிக்கவில்லை. 1965-இல் புதிய நிறுவன வரி வந்தபோது அது நீக்கப்பட்டது. தலைமையகத்தை லண்டனில் வைத்திருப்பதன் ஆதாயம் குறைந்தது.

தலைமையகம் நாடு திரும்பியது

1971-இல் நம் நாட்டில் புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியது. அந்நியர் கையிலிருந்த நிறுவன உடைமையை நாட்டுக்குள் கொணர்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1906-இல் லண்டனில் தோன்றிய கோலாலம்பூர் ரப்பர் கம்பெனியின் வழிவந்த கோலாலம்பூர் கெப்போங், 1973-இல் மலேசிய நிறுவனமாக மறுபிறப்பெடுத்தது. 1976-இல் சைம் டார்பியின் இயக்குநர் வாரியம் மலேசியர் வசமாகி, முன்னாள் நிதியமைச்சர் துன் டான் சியூ சின் அதன் தலைவரானார். அப்பத்தாண்டின் இறுதியில் நிறுவனமே நாடு திரும்பியது.

1981 செப்டம்பர் 7 அன்று நடந்தது உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்திற்குள் குத்ரியின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ஏறக்குறைய 2 இலட்சம் ஏக்கர் தோட்டம் நம் நாட்டவர் வசமாகியது. அடுத்த ஆண்டில் ஹரிசன்ஸின் மலேசியத் தோட்டங்களும் இங்கே பெயர்ந்தன. இவற்றிற்கெல்லாம் வரி மட்டுமே காரணமன்று. உடைமை உரிமையே முதற்காரணம். எனினும் தலைமையகத்தோடு வரியும் சேர்ந்தே வந்தது. நம் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், நிருவாகமும் கட்டுப்பாடும் எங்கே என்றுதான் கேட்கிறது.

கோலசிலாங்கூருக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் என் மாணவனின் கேள்வி மீண்டும் எழுகிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி வருமான வரி கூட்டரசுக்குரியது. மாநிலங்களுக்குரிய வருவாய்களைப் பத்தாவது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது எது தெரியுமா? கள்ளுக்கடை வருவாய்! அதன் பின்னரே நிலம், சுரங்கம், காடு ஆகியவை. பகலில் நம் தாத்தா ஈட்டித் தந்த இலாபத்தின் வரி லண்டனுக்கும், பின்னர்க் கோலாலம்பூருக்கும் சென்றது. மாலையில் அவர் கள்ளுக்கடையில் கொடுத்த காசின் ஒரு பங்குதான் மாநிலத்திற்கு உரியதாயிற்று.

2007-இல் சைம் டார்பி, குத்ரி, கோல்டன் ஹோப் (முன்னைய ஹரிசன்ஸ்) ஆகிய மூன்றும் ஒன்றாயின. அக்குழுமத்தின் தோட்டப் பிரிவு 2017-இல் தனி நிறுவனமாகி, 2024-இல் எஸ்டி குத்ரி எனப் பெயர் பெற்றது. தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவின் ஆரா டமான்சாராவில். நம் மாநிலத்திலேயேதான்! ஆயினும் அதன் வருமான வரி கூட்டரசுக்கு. கட்டடத்தின் மதிப்பீட்டு வரி பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்திற்கு. தோட்டம் உள்ள மண்ணில் தங்குவது முன்போலவே நிலம் சார்ந்த வரிதான்.

இதனால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. கூட்டரசு திரட்டும் வரிதான் என் சம்பளமாகவும், மாணவர் பாடநூலாகவும், மாவட்ட மருத்துவமனையாகவும் திரும்பி வருகிறது. லண்டனுக்குச் சென்ற வரியில் நமக்கு ஓர் எழுதுகோலையேனும் கேட்கும் உரிமை இருந்ததா? அவ்வகையில் தலைமையகம் நாடு திரும்பியது மெய்யான பேறுதான்.

ஆனால் தலைமையகம் என்பது வரி மட்டுமன்று; முடிவெடுக்கும் இடமும் அதுவே. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல நிறுவன நிலத்தில் நிற்பதால்தான் இன்னும் 'பகுதி உதவி பெறும் பள்ளி'களாக உள்ளன. பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், திடலோரம் வேலி போட நில உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. தோட்ட நிருவாகி நல்லவர்; ஆனால் "மேலே கேட்கவேண்டும்" என்றார். கடிதம் போய் விடை வருவதற்குள் அவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளியை விட்டே சென்றுவிட்டனர்.

உலகம் முழுவதும் இதே கதை

இப்போட்டி இன்றும் ஓயவில்லை. யூனிலீவர், ஷெல் போன்ற நிறுவனங்களை மனத்திற்கொண்டு நெதர்லாந்து அரசு 15 விழுக்காட்டுப் பங்காதாய வரியையே நீக்க முன்வந்தது. யூனிலீவர் ரோட்டர்டாமுக்கு மாறும் திட்டத்தைக் கைவிட்டதும், 2018-இல் அரசும் அம்முயற்சியைக் கைவிட்டது. 2020-இல் யூனிலீவர் லண்டனையே ஒரே இருப்பிடமாக்கிக்கொண்டது. 2022-இல் ஷெல்லும் அங்கே சென்று, தன் பெயரிலிருந்த 'ராயல் டச்' என்னும் சொற்களையும் நீக்கியது.

மறுவாரம் அம்மாணவனிடம் இவ்வாறு கூறினேன்: "தம்பி, தலைமையகத்தைத் தூக்கிச் செல்ல முடியும். அதனால் அரசுகள் அதைக் கெஞ்சியும் மிரட்டியும் பிடித்து வைக்கின்றன. மரத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. அதனால் மரம் நிற்கும் ஊரை யாரும் கெஞ்சுவதில்லை. அந்த ஊருக்கு வேண்டியதை ஊரார்தான் கேட்கவேண்டும். கேட்பதற்கு, யாரிடம் கேட்பது என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும்."

அவன் சற்று எண்ணிவிட்டு, "அப்போ அந்த முகவரியை எழுதி வச்சிக்கிறேன் ஐயா" என்றான்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய சம்பளச் சீட்டோ தோட்டத்துக் கடிதமோ இருப்பின் தூக்கி எறியவேண்டா. அதன் தலைப்பில் அச்சாகியுள்ள முகவரியைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அதுவும் நம் வரலாறே.