தண்ணீரில் நாட்டிய தூண்

ஐப்பசி அடைமழையில், கூடாரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கங்கைகொண்ட சோழபுரம் போவானேன் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். சோழகங்கத்தை மழையில்தான் பார்க்க வேண்டும்! 11-ஆம் நூற்றாண்டில், கங்கை வரை சென்ற படை திரும்பியதும் முதலாம் இராஜேந்திரன் வெட்டுவித்த ஏரி அது. தண்ணீராலேயே நாட்டிய வெற்றித்தூண் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இன்றைய பெயர் பொன்னேரி.

கரையோரத் தோப்பில் கூடாரம் இரவெல்லாம் ஒழுகியது. விடிந்ததும் கோயிலுக்குப் போனோம்.

"மதிலெல்லாம் எங்கே போச்சு, அப்பா?" என்றாள் மகள்.

1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அக்கிரமந்தான். ஆனால் அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியே வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது. வீராணமும் சோழர் ஏரி. ஏரி வெட்டிய அரசன் முழுக் கோபம் கொண்டிருப்பானா என்பது எனக்குச் சந்தேகமே.

மாலையில் கீழணைக்குக் காரை விட்டோம். மதகுகளில் வெள்ளம் சீறிற்று. எந்தக் கல் இராஜேந்திரனுடையது என்று மகள் குடைக்குள்ளிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.