சுலைஹா: பெயரில்லாதவளுக்கு வந்த பெயர்

ஆங்கிலேயரின் பெயரகராதிகளில் 'ஸுலைக்கா' அரிதான பெண்பெயர். இலங்கையின் ஏறாவூரில் அது அயல்வீட்டுப் பெயர்: சுலைஹா, சுலைஹா உம்மா, சித்தி சுலைஹா. இந்தச் 'சித்தி' சின்னம்மா முறை அல்ல. 'என் சீமாட்டி' எனப் பொருள்படும் அரபு 'ஸித்தீ'.

பெயருக்குரியவள் யூசுப் நபியை ஆசைப்பட்ட எகிப்தியப் பிரபுவின் மனைவி. ஆனால் குர்ஆனின் 12ஆம் சூராவில், 111 வசனங்களில் எங்கேயும் அவள் பெயர் இல்லை. அஸீஸின் மனைவி என்பதோடு சரி. பைபிளும் போத்திபாரின் மனைவி என்றே விட்டுவிடுகிறது. பெயரிட்டவர்கள் பின்வந்த கதைசொல்லிகளும் விரிவுரையாளர்களும்தான். ஹெராத் நகரத்து ஜாமி 1483இல் பாரசீகத்தில் பாடிய காவியம் அதை நாடெல்லாம் கொண்டுபோனது. தமிழில் சாரண பாஸ்கரன் 'யூசுப் ஜுலைகா' பாடினார்.

ஐரோப்பாவுக்கு இது கவிஞர் வழியே போனது. 1813இல் பைரன் தன் துருக்கியக் கதையின் நாயகிக்கு இப்பெயரைச் சூட்டினார். 1819இல் கோதே தன் கவிதைத் தொகுதியில் ஒரு பகுதியையே சுலைகாவின் பேரில் அமைத்தார். 1911இல் மேக்ஸ் பீர்போம் எழுதிய கேலி நாவலில் ஸுலைக்கா டாப்சனுக்காக ஆக்ஸ்போர்டு மாணவர் கூட்டமே ஆற்றில் விழுந்து சாகிறது. அவளை 'ஸுலீக்கா' என்றே உச்சரிக்கவேண்டும் என்பது பீர்போமின் கட்டளை.

அவரைக் குறைசொல்ல முடியாது. அரபு மூலத்தில் இருப்பவை ஐந்தே எழுத்துகள். குறில் உயிர்கள் எழுத்தில் வருவதில்லை. நடுவிலுள்ள யகரத்தை 'ஐ' என்றும் 'ஈ' என்றும் வாசிக்கலாம். ஸுலைகா ஒரு வாசிப்பு, ஸலீகா இன்னொன்று. மலாய்ப் பெண்களிடம் இரண்டாவதும் உண்டு. நம்மவர் பிடித்துக்கொண்டது ஐகாரத்தை. அதையடுத்து வரும் தொண்டை ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லாததால் தமிழகத்தார் ககரமும் இலங்கையர் பெரும்பாலும் ஹகரமும் போடுகிறார்கள்.

பொருள்தான் சிக்கல். பெயர்ப் புத்தகங்கள் 'ஒளிரும் அழகி' என்று எழுதி, பாரசீகம் என்று முத்திரையும் குத்திவிடுகின்றன. எந்தப் பாரசீகச் சொல்லிலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. அரபு வேரைப் பார்த்தால் ஸ‑ல‑க: வழுக்குதல், சறுக்குதல். என் கணிப்பில் அழகு என்ற பொருள் சொல்லிலிருந்து வரவில்லை, கதையிலிருந்து வந்தது. வேரோடு உறவு இருந்தாலும் அது சறுக்கியவள் என்ற கதைக்குத்தான் பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு வைத்த பெயரை மாற்றப்போகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். ஜாமியின் காவியத்தில் அவள் முதுமையும் குருடும் வறுமையும் கண்டு, ஈமான் கொண்டு, இளமை திரும்பி, கடைசியில் யூசுபையே மணக்கிறாள். சூபிகள் அவளை இறைவனைத் தேடும் ஆன்மாவாகவே வாசித்தார்கள். பொருள் கேட்பவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். 'ஒளிரும் அழகி'யைப் பெயர்ப் புத்தகக்காரர்களிடமே விட்டுவிடுங்கள்.