கிரிமண்ட் மெட்டு யாருடையது?

ஒரே மெட்டு. ஒரு பாட்டுப் புத்தகம் அதை டேவிட் கிராண்ட் இயற்றியதாகச் சொல்கிறது. இன்னொன்று ஜெஸ்ஸி சீமோர் இர்வின் என்கிறது. மெட்டின் பெயர் கிரிமண்ட். 23ஆம் சங்கீதத்தின் ஆங்கிலச் செய்யுள் வடிவத்தோடு இன்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பது இதுதான். விக்டோரியா காலத்து ஞானப்பாட்டு மெட்டுகள் என்றதும் டைக்ஸ், மங்க், ஸ்டெய்னர் ஆகிய இங்கிலாந்து இசையமைப்பாளர்களே நினைவுக்கு வருகிறார்கள். கிரிமண்டோ ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் பிறந்தது. ஒரு புகையிலை வியாபாரிக்கும் ஒரு போதகரின் மகளுக்கும் இடையில் யார் பெற்ற பிள்ளை என்று தெரியாமல் நிற்கிறது.

தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். 1947 நவம்பர் 20, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்தில் இந்த மெட்டு பாடப்பட்டதும் உலகமே அதைக் கேட்டது. அதற்கு முன், 1930களில், ஹியூ ராபர்ட்டன் நடத்திய கிளாஸ்கோ ஆர்ஃபியஸ் பாடகர் குழு அதைப் பரப்பியிருந்தது. அதற்கும் முன்னால் போனால் தடம் அபெர்டீன் நகரத்தில், 1872இல் வெளிவந்த ‘நார்தர்ன் சால்ட்டர்’ என்ற சங்கீதப் புத்தகத்தில் முடிகிறது. தொகுத்தவர் வில்லியம் கார்னி. பத்திரிகையாளர், சபைப் பாடலைச் சீர்திருத்தப் பாடுபட்டவர். அவரோடு பீட்டர்கல்ட்டர் ஊர்த் தேவாலயத்தில் பாட்டெடுத்துக் கொடுத்த ராபர்ட் கூப்பர், கிரிமண்ட் ஊரில் அதே வேலை பார்த்த வில்லியம் கிளப், புகையிலைக் கடை வைத்திருந்த டேவிட் கிராண்ட் ஆகியோர் சேர்ந்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் மெட்டுக்கு உரியவர் கிராண்ட் ஒருவரே.

அச்சுச் சான்று இருக்கிறது, முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 1911இல் ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் ஜெஸ்ஸியின் தங்கை அன்னா. டரிஃப் ஊரில் ஆர்கன் கற்றுக்கொண்டிருந்தபோது பயிற்சிக்காக அக்கா போட்ட மெட்டு இது. தான் அமைத்த நாற்குரல் இசை திருப்தி தராததால் அதைத் திருத்தித் தரச் சொல்லி கிராண்டுக்கு அனுப்பினார் என்பது கடிதத்தின் சாரம். ஜெஸ்ஸியின் தகப்பனார் அலெக்சாண்டர் இர்வின் கிரிமண்ட் ஊரின் போதகர்.

கடிதத்தை எப்படி எடைபோடுவது? எதிர்த் தரப்பை முதலில் முழுசாகக் கேட்க வேண்டும். ஜெஸ்ஸி இறந்தது 1887இல், கிராண்ட் 1893இல். கடிதம் எழுதப்பட்டபோது இருவருமே பதில் சொல்லும் நிலையில் இல்லை. புத்தகம் வெளிவந்து 15 ஆண்டுகள் ஜெஸ்ஸி உயிரோடு இருந்தார். புத்தகம் 70,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. சொந்த மெட்டு அடுத்தவர் பெயரில் ஊர் ஊராகப் பாடப்படுவது அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. மெட்டின் ஊர்ப் பெயரையும் பெரிய துருப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மெட்டுகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். கிராண்டின் நண்பர் கிளப்பும் கிரிமண்டுக்காரர்தானே!

இவ்வளவும் எனக்குத் தெரிந்தும் அந்தக் கடிதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. காரணம் அது கேட்பதைவிட அது விட்டுக்கொடுப்பது. அக்காவுக்குப் புகழ் சேர்க்க நினைக்கும் தங்கை, மெட்டு முழுவதும் அக்காவுடையது என்று எழுதியிருக்கலாம். அன்னா அப்படி எழுதவில்லை. நாற்குரல் அமைப்பு அக்காவுக்குச் சரியாக வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பங்கைக் கிராண்டுக்கே கொடுக்கிறார். பொய் சொல்பவர் தன் கட்சியைத் தானே இப்படிப் பலவீனப்படுத்திக்கொள்வதில்லை. 15 ஆண்டு மௌனமும் எனக்கு வியப்பாக இல்லை. கிராமத்துப் போதகரின் மகள், தகப்பனார் சபையிலேயே பாட்டெடுத்துக் கொடுத்தவர் சம்பந்தப்பட்ட புத்தகத்தின் மேல், 1870களில், பத்திரிகையில் வழக்காடப் போவாரா?

1947 திருமண ஏற்பாடுகளின்போது நடந்த ஒரு காரியம் இங்கே உதவுகிறது. மெட்டுக்கு மேலே பாடும் மேல்குரலின் சுரத்தாள் கையில் கிடைக்கவில்லை. இளவரசியும் தோழியும் பாடிக்காட்ட, அபேயின் ஆர்கனிஸ்ட் வில்லியம் மெக்கி அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியது அவர்தான் என்பதால் அதை அவருடைய படைப்பு என்று யாரும் சொல்லவில்லை. 1872இலோ, கிராண்டின் கைக்கு வந்து அச்சேறியது கிராண்டின் மெட்டாகிவிட்டது.

1940களில் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. இரு தரப்பும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க முடியும் என்று பிடிவாதமாக நின்றது எனக்கு வருத்தம் தருகிறது. கடிதம் அப்படிக் கேட்கவே இல்லை. மெட்டு ஜெஸ்ஸி சீமோர் இர்வின், நாற்குரல் அமைப்பு டேவிட் கிராண்ட் என்று சில பாட்டுப் புத்தகங்கள் இப்போது இரண்டு பெயர்களையும் அச்சிடுகின்றன. என் கணிப்பில் அதுவே சரி. அடுத்த பதிப்பு கொண்டுவருபவர்கள் எல்லோரும் அப்படியே அச்சிட வேண்டும்.