புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறிய காலம்

புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் உருவானது. மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட பூமி; ஊருக்கு ஊர் தொலைவும் அதிகம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள், கல்குவாரியில் கல்லுடைத்தவர்கள், கிராமச் செவிலியர்கள், பால்வாடி ஆசிரியைகள், சத்துணவுப் பணியாளர்கள் என வேலைக்குச் சென்ற பெண்களில் பெரும்பாலோர் 1990-களின் தொடக்கம் வரை நடந்து போனார்கள். இல்லையென்றால் எப்போதாவது வரும் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். வீட்டில் சைக்கிள் இருந்தாலும் அதை ஓட்டியவர் ஆண்தான். கணவரோ அண்ணனோ மகனோ ஒழிந்த நேரத்தில், பின்னால் கேரியரில் உட்கார்ந்து போவதே பெண்ணுக்கு வாய்த்த சவாரி.

1991-இல் இம்மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தைப் பெண்களிடம் கொண்டு சேர்க்கவேண்டுமானால், பெண்கள் பிறர் துணையின்றி ஊர்விட்டு ஊர் போய்வர வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கருதினார். எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிள் கற்பதும் இயக்கத்தின் பணியானது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு நடந்தது. ஊர்தோறும் பயிற்சி முகாம்கள் நடந்தன; முதல் நாள் கற்றவர் மறுநாள் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். கேலியும் ஏச்சும் எழுந்தன. பெண்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1992 மார்ச் 8, உலக மகளிர் நாளில், 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலிக்க, புதுக்கோட்டை நகரத்தை வலம் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் சைக்கிள் கற்றவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் சிறு இருக்கை பொருத்திக் குழந்தையை உட்காரவைக்க முடிந்ததால், பலர் அதையே விரும்பவும் செய்தனர்.

சைக்கிளின் பலன் முதலில் தெரிந்தது பொழுதில். பேருந்துக்கு நிற்கும் நேரம் மிஞ்சியது. வேலை முடிந்து வீடு வந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரம் பெரிது. அடுத்த பலன் வருமானம். விளைபொருளை ஓரிரு ஊர்களில் மட்டும் விற்று, வீட்டு வேலைக்காக அவசரமாகத் திரும்பிவந்தவர்கள், மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பல ஊர்களுக்குப் போனார்கள். செவிலியரும் ஆசிரியையும் தம் பணிக்குரிய ஊர்களுக்கு நினைத்த நேரத்தில் செல்ல முடிந்தது. தண்ணீர்க் குடமும் தலையிலிருந்து சைக்கிளுக்கு இறங்கியது.

இத்தனைக்கும் எரிபொருள் செலவு கிடையாது. ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பஞ்சர் ஒட்ட ஊரிலேயே ஆள் உண்டு. ஆனால் பெண்கள் பெரிதாக மதித்தது இன்னொன்றை: எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய முடிந்ததை.