ரசிகர் புனைவும் கைக்கட்டு நூலும்: விற்பனை மறுப்பு மரபின் வரலாறு

பிறர் படைத்த கதைமாந்தரையும் கதைக்களத்தையும் எடுத்துக்கொண்டு வாசகர்களே எழுதும் கதைகள் ரசிகர் புனைவு எனப்படுகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இக்கதைகளைத் தாளில் அச்சிட்டு, கையால் தைத்து, அட்டை போட்டு நூலாக்கும் வழக்கம் 2020 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேகமாகப் பரவியது. நூல் கட்டுவோர் மூன்று கட்டுப்பாடுகளை முதன்மையாகக் கொள்கின்றனர்: எழுதியவரின் இசைவு வேண்டும், நூலில் அவர் பெயர் இருக்க வேண்டும், லாபத்துக்கு விற்கக் கூடாது. மூன்றில் பழமையானது கடைசி விதிதான். பதிப்புரிமையாளர் வழக்குத் தொடுப்பாரோ என்ற அச்சத்தில் வேரூன்றிய அது, அரை நூற்றாண்டில், கதை எழுதிய ரசிகருக்கு வாசகர் ஆற்றும் கடமையாக உருமாறியது.

தொடக்கம் அச்சு இதழ்களில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் ஓடிக்கொண்டிருந்த 1967இல், டெவ்ரா லாங்சமும் ஷெர்னா காமர்ஃபோர்டும் ‘ஸ்போக்கனாலியா’ என்ற இதழைக் கொண்டுவந்தனர். அத்தொடருக்கென்றே வெளிவந்த முதல் ரசிகர் இதழ் அது. ஸ்போக் வேடமேற்ற லியோனார்ட் நிமாயின் கடிதம் முதல் இதழில் இடம்பெற்றது. இத்தகைய இதழ்கள் ஸ்டென்சில் தாளில் தட்டச்சிட்டு, சைக்ளோஸ்டைல் முறையில் உருட்டி, பின் அடித்து அஞ்சலில் அனுப்பப்பட்டன. தாள், மை, தபால் செலவுக்கு ஈடாக மட்டுமே விலை வைக்கப்பட்டது. கதையோ ஓவியமோ தந்தவருக்கு ஒரு பிரதி இலவசம். இன்று நூல் கட்டுவோர் எழுதியவருக்கென்று ஒரு பிரதி கட்டி அனுப்பும் வழக்கத்துக்கு இதுவே முன்னோடி.

அடக்க விலை என்ற வரம்பை மீறியவர்களும் இருந்தனர். தீர்ந்துபோன இதழ்களை நகலெடுத்து லாபத்துக்கு விற்றவர்களை ரசிகர்கள் கொள்ளையர் என்றே அழைத்தனர். இதற்கு நேர்மாறான ஏற்பாடு பிரிட்டிஷ் தொடரான ‘தி புரொஃபஷனல்ஸ்’ ரசிகர்களிடம் உருவானது. அவர்களுடைய கதைகள் தட்டச்சுப் பிரதிகளாகவே கைமாறின. வேண்டியவர் அஞ்சலில் பெற்று, தம் செலவில் நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்பினார். விற்பனை என்ற பேச்சே அங்கு எழவில்லை. எல்லா நாட்டிலும் இதே நெறி நிலவியது என்று கொள்ளக் கூடாது. ஜப்பானில் 1975இல் தொடங்கிய காமிக் மார்க்கெட்டில் ரசிகர்கள் தாமே அச்சிட்ட நூல்களைக் காசுக்கு விற்பது இயல்பு. உரிமையாளர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

மேலை நாடுகளில் உரிமையாளரின் பொறுமைக்கு எல்லை இருந்தது. 1981இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், பாலியல் உள்ளடக்கம் கொண்ட ‘ஸ்டார் வார்ஸ்’ கதைகளை வெளியிட வேண்டாமென ரசிகர் இதழ் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது. நாவலாசிரியர் ஆன் ரைஸ் 2000இல் தம் பாத்திரங்களை வைத்து எவரும் கதை எழுதக் கூடாதென அறிவித்தார். ‘ஹாரி பாட்டர்’ நாவல்களின் ஆசிரியர் ஜே. கே. ரவுலிங் தரப்போ, 2004இல், வணிக நோக்கமற்ற கதைகளுக்குத் தடையில்லை என்றது. காசு கைமாறாத வரை விட்டுவைப்பார்கள் என்ற நம்பிக்கை இப்படித்தான் உறுதிப்பட்டது.

அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைக் காட்டியது ‘ஹாரி பாட்டர் லெக்சிகன்’ வழக்கு. ஸ்டீவன் வாண்டர் ஆர்க் இணையத்தில் தொகுத்த இக்கலைக்களஞ்சியத்தை ரவுலிங்கே பாராட்டியிருந்தார். அதை ஆர்.டி.ஆர். புக்ஸ் நிறுவனம் விலைக்குரிய நூலாக்க முனைந்ததும் அவரும் வார்னர் பிரதர்ஸும் வழக்குத் தொடுத்தனர். நூல் மூலத்திலிருந்து அளவுக்கு மீறி எடுத்தாண்டது என்று கண்ட நியூயார்க் நீதிமன்றம் 2008இல் வெளியீட்டைத் தடுத்தது. சட்டப்படியான இழப்பீடாக 6,750 டாலர் விதித்தது. திருத்திய வடிவம் 2009இல் வெளிவந்தது. இது ரசிகர் புனைவு பற்றிய வழக்கு அல்ல. ஆயினும் இணையத்தில் பாராட்டுப் பெற்ற ஒன்று விலைக்குரிய நூலானதும் வழக்கில் சிக்கியதை ரசிகர்கள் கண்கூடாகக் கண்டனர்.

இத்தீர்ப்புக்கு முன்பே, 2007 மே மாதம், ரசிகர்கள் கதைகளைப் பகிர்ந்துவந்த லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. ரசிகர்களின் எழுத்தை லாபத்துக்குப் பயன்படுத்த முயன்ற ஃபேன்லிப் நிறுவனமும் அதே ஆண்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. இத்தகைய சூழலில்தான் ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேடிவ் வொர்க்ஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு பிறந்தது. அதன் ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ காப்பகம் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019இல் ஹியூகோ விருதும் பெற்றது. அங்கு விளம்பரமும் இல்லை, வணிகத்துக்கு இடமும் இல்லை. எந்தக் கதையையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி மட்டும் உண்டு. கைக்கட்டு நூல் இயக்கத்துக்குக் கச்சாப்பொருள் தந்தது அந்த வசதிதான். தளங்கள் மறையலாம், தாள் நிலைக்கும் என்ற எண்ணமும் துணை நின்றது.

பெருந்தொற்று முடக்கத்தின்போது, 2020இல், ‘ரெனிகேட்’ என்ற நூல் கட்டுவோர் குழு உருவானது. வேலை எளிதன்று. இறக்கிய கோப்பை முதலில் பக்கவடிவமைக்க வேண்டும். நான்கு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடித்தால் பதினாறு பக்க மடிப்பு ஒன்று கிடைக்கும். மடிப்பின் முதுகில் ஊசித் துளையிட்டு, மெழுகு பூசிய லினன் நூலால் மடிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தைக்கிறார்கள். பிறகு முதுகில் பசை தடவி, வலைத்துணி ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்டு, துணி போர்த்திய அட்டைக்குள் பொருத்துகிறார்கள். ‘ஆல் தி யங் டூட்ஸ்’ போன்ற ஐந்து லட்சம் சொற்களைத் தாண்டிய கதையை மூன்று தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். இத்தனை உழைப்பையும் விலை பேசாமல் செய்வதில்தான் இம்மரபின் பெருமை இருக்கிறது.

நடத்தை நெறிகள் இந்த வேலையோடு சேர்ந்தே வளர்ந்தன. சில எழுத்தாளர்கள் தம் முகப்புப் பக்கத்திலேயே பொது அனுமதி தந்துவிடுகிறார்கள். தராதவரிடம் கேட்பது பண்பு. சொந்த அலமாரிக்கு ஒரே ஒரு பிரதி கட்டக் கேட்கத் தேவையில்லை என்போரும் உண்டு. ஆனால் பக்கவடிவமைப்புக் கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதும், நூலின் படத்தைப் பொதுவில் காட்டுவதும் இசைவு பெற்றுச் செய்ய வேண்டியவை என்பதே வலுவான கருத்து. ரசிகர் ஓவியத்தை அட்டையில் இட ஓவியரிடம் தனியே கேட்க வேண்டும். எழுதியவர் புனைபெயரில் இருந்தால் அதுவே முகப்பில் வரும். அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தாலும் வெளியிடுவது பெருங்குற்றம்.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமான ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை மணியத்தின் ஓவியங்களோடு கிழித்தெடுத்து, காலிகோ முதுகு வைத்து பைண்டு செய்து பாதுகாத்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. அந்தப் பக்கங்கள் காசு கொடுத்து வாங்கிய இதழின் பக்கங்கள். பின்னர் பழைய புத்தகக் கடைக்குப் போனாலும் வாங்கிய பொருளின் மறுவிற்பனைதான். ரசிகர் புனைவைக் கட்டுபவரோ தம் அச்சுப்பொறியில் புதிய பிரதியை உண்டாக்குகிறார். அதனால்தான் சொந்த அலமாரிக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரம் இங்கு இவ்வளவு பெரிதாகிறது.

அந்தத் தூரத்தைச் சிலர் மதிக்கவில்லை. புகழ்பெற்ற கதைகளின் கட்டிய பிரதிகள் இணையச் சந்தைகளில் விற்பனைக்கு வந்தன. எழுதியவருக்கு ஒரு காசும் போகவில்லை. ‘ஹாரி பாட்டர்’ உலகை வைத்து சென்லின்யூ எழுதிய ‘மேனகிள்ட்’ இதற்குத் தக்க சான்று. சட்டவிரோத விற்பனை தம்மையும் ரசிகர் சமூகத்தையும் வழக்கு ஆபத்தில் தள்ளுவதாகச் சொன்ன ஆசிரியர், அதைச் சொந்தப் படைப்பாக மாற்றி எழுத முடிவுசெய்தார். மூலக் கதை 2024 இறுதியில் காப்பகத்திலிருந்து நீக்கப்பட்டது. மாற்றிய நாவல் ‘ஆல்கெமைஸ்டு’ 2025 செப்டம்பரில் வெளியானது. வேறு சிலர் கதைகளை நீக்கியதோடு நின்றனர். விற்றவரின் செயலால் விற்காத வாசகரும் கதையை இழந்தனர்.

கதைக்குக் காசு வாங்கவில்லை, தையலுக்கும் துணிக்கும்தான் வாங்குகிறோம் என்பது விற்பவர் வாதம். பொருட்செலவை மட்டும் ஈடுகட்டுவது பழைய இதழ் மரபோடு ஒத்துப்போகும். அதைக்கூட ஏற்காதவர்கள் உண்டு. உழைப்புக்கும் கூலி என்று வரும்போது வாதம் நிற்காது. வாங்குபவர் தேடி வருவது கதையை. வெற்றுத்தாளைக் கட்டி அதே விலைக்கு விற்க முடியாது. கட்டும் திறமைக்கு ஊதியம் வேண்டுவோர் பதிப்புரிமை தீர்ந்த நூல்களையும் வெற்றுக் குறிப்பேடுகளையும் கட்டி விற்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. எழுதியவர் திரும்பப் பெற்றுவிட்ட கதையின், முன்பே கட்டிய பிரதி வாசகர் வீட்டில் இருக்கலாம். அதைப் பார்த்துப் புதிய பிரதி செய்வதும் விற்பதும் முறையல்ல.